இரு பக்கமும் கேட்கும் பத்திரிகை

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் உன்னதமானது, தனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தில் ஏழு நிமிடம் ஆவேசப்படும் கலைதான். அதை எங்கள் சுவிஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்த பெருமை யோனாஸைச் சேரும்.

அமெரிக்காவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் அரையாண்டு படித்துவிட்டு வந்தவன் அவன். அங்கே மாணவர் பத்திரிகை அலுவலகச் சுவரெல்லாம் நூறாண்டுக் கொடி படர்ந்திருக்குமாம். நாங்கள் கடையில் பிளாஸ்டிக் கொடி வாங்கி ஒட்டினோம். பசை காய்ந்ததும் பாரம்பரியம் தொடங்கியது.

பத்திரிகையின் பெயர் 'இரு பக்கம்'. ஆசிரியர் யோனாஸ். மாதம் ஒரு மேடை விவாதம்; பேச்சுகள் பிறகு பத்திரிகையில் வரும். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்போம். சொந்த அபிப்பிராயத்தோடு வருவது அங்கே பல் தீட்டாமல் வருவதற்குச் சமம்.

அந்த மாதத் தலைப்பு: 'குடியுரிமை பெறுவதை இன்னும் கடினமாக்க வேண்டும்.' காசு என்னை 'ஆம்' என்ற பக்கத்தில் தள்ளியது. யோனாஸிடம் போனேன். (பேசியது ஜேர்மன்தான். கோபத்தில் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.)

"என்ர அம்மா வாற மாசம் குடியுரிமை நேர்முகத்துக்குப் போறா. என்னை மற்றப் பக்கம் விடு."

"அதுதானே அழகு! உன்னை மாதிரி ஒருத்தி இதைச் சொன்னால் எவ்வளவு துணிச்சல்!"

"எனக்கு இது விளையாட்டில்லை."

"ஐயோ, அப்ப நீ நடுநிலை இல்லையோ?"

நடுநிலை தவறுவேனா? பேசினேன். எதிர்ப்பக்கத்தில், ஐந்து தலைமுறையாய்ச் சுவிஸ்காரனான ஒருவன் அகதிகளுக்காகக் கண்ணீர் வடித்தான். வென்றது நான்.

பத்திரிகை வந்தது. என் படம் பெரிதாக, என் பேச்சு முழுதாக. மற்றவனின் பேச்சைக் காணவில்லை.

"விளம்பரம் வந்திட்டுது, இடமில்லை," என்றான் யோனாஸ்.

"பேரே 'இரு பக்கம்' எல்லோ?"

"ஓம். எங்களுக்கு மிஞ்சினது ஒரு பக்கம்."

தமிழிலும் ஜேர்மனிலும் வாதத் தரப்புக்கும் அச்சுப் பக்கத்துக்கும் ஒரே சொல். இப்பேர்ப்பட்ட தத்துவத்தை விட்டுவிட்டு நடைமுறைக்கு வந்தேன்.

"காசு சுண்டினதையாவது போட்டிருக்கலாமே?"

"வாசகர் குழம்பிப் போவினம்."

அம்மாவின் பெயர் ஜெயமலர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. இருபத்தாறு மாநிலங்களின் பெயரையும் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனார். சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"பிள்ளை, நல்லாப் போச்சுது! அதில இருந்த ஒரு ஐயா உன்ர படம் போட்ட பேப்பரை எடுத்துக் காட்டினவர். எனக்கெண்டால் பெருமை தாங்கேலாமல் போச்சு."

"என்னம்மா கேட்டவர்?"

"மகள் சொல்லியிருக்கிறதை ஏற்றுக்கொள்ளுறீங்களோ எண்டு."

"நீங்கள்?"

"ஓம், ஓம் எண்டு சொன்னனான். யூனியில படிக்கிற பிள்ளை பிழையாச் சொல்லுமோ?"

முடிவு வந்தது. தமக்கு இன்னும் தகுதி போதாது என்பதை 'விண்ணப்பதாரரே பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டபடியால்', இரண்டு வருடம் கழித்து மீண்டும் வரலாம்.

திருத்தம் போடச் சொல்லி யோனாஸிடம் ஓடினேன். அவன் கண்கள் கலங்கிவிட்டன, ஆனந்தத்தில்.

"எங்கட பேப்பர் ஒரு உண்மையான முடிவை மாத்தியிருக்கு! அமெரிக்காவில கூட இப்பிடி நடக்கிறேல்லை. உடன பரிசுக்கு அனுப்புவம்!"

"அம்மா?"

"அவ குறை நினைக்கக்கூடாது. சுதந்திரமான விவாதத்தில ஒருத்தரும் தோற்கிறேல்லை."

அது முற்றிலும் உண்மை. அந்த மேடையில் ஏறிய எவரும் தோற்கவில்லை. தோற்றவர், நாங்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.