கோபமே வராத அமைச்சர்

மென்மொழி என்றொரு நாடு. அங்கே அதிகாரிகள் உத்தரவு போட வேண்டியதில்லை. குடிமக்களே குறிப்பறிந்து நடக்க வேண்டும் என்பது சட்டம். நீர் அமைச்சர் சாந்தப்பர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. பெருமூச்சு மட்டும் விடுவார்.

ஏரி மடையைக் காத்த முதல் ஆள், கேட்காமலே மடையைத் திறந்தார். "பரவாயில்லப்பா, என்கிட்ட கேக்கறதுக்கு நான் யாரு?" என்று சிரித்தார் அமைச்சர். மறுநாளே மடை திறந்தவருக்கு உப்பளத்துக்கு மாற்றல். அடுத்தவர் கேட்டுக் காத்திருந்தார். "இதுக்கெல்லாமா என்னைக் கேப்பாங்க?" என்றார் அமைச்சர். பயிர் கருகியது, அவருக்கும் உப்பளம். பிறகு புதுச் சட்டம் வந்தது: கேட்பது திறமையின்மை, கேட்காதது மரியாதையின்மை. மாற்றலாகிறவர்கள் புன்னகையோடு போக வேண்டும் என்று ஒரு திருத்தமும் வந்தது.

மூன்றாவதாக மடைக்கு வந்தவள் செங்கமலம். நெல் பால் பிடிக்கும் நேரம். நான்கு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் ஊர் முழுக்கப் பதர்தான். மடைப் பக்கம் வந்த அமைச்சர் விட்ட பெருமூச்சுக்கு என்ன பொருள் என்று யோசித்தே இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு தன்மேல்தானோ என்றுகூட நினைத்தாள். மூன்றாம் நாள்தான் உறைத்தது: திறந்தவருக்கும் உப்பளம், திறக்காதவருக்கும் உப்பளம். அப்படியானால் தப்பு மடையில் இல்லை.

நேரே தமுக்கடிக்கும் பொம்மையனிடம் போனாள். சொன்னவர் பெயரோடு தமுக்கடித்து அறிவித்தது எதுவோ, அதுதான் அந்நாட்டில் செல்லும். இருவரும் அமைச்சர் வாசலுக்கு நடந்தார்கள். பின்னால் ஊரும் நடந்தது.

"ஐயா, மடையத் தொறக்கட்டுமா?"

"உனக்குத் தெரியாததாம்மா? உன் இஷ்டம்."

டம் டம். "அமைச்சர் சாந்தப்பர் சொல்றது என்னன்னா, எல்லாம் செங்கமலம் இஷ்டமாம்!"

அமைச்சரின் புன்னகை சற்று ஆடியது. "ஏம்ப்பா, இதையெல்லாமா ஊருக்குச் சொல்லுவாங்க?"

"ஐயா வாக்கு வீட்டுக்குள்ளயே கெடந்தா நல்லாவா இருக்கு?" என்றான் பொம்மையன்.

"சரி, தொறந்துக்கோ. அப்புறம் என்ன ஆனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டம் டம். "என்ன ஆனாலும் அமைச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாராம்! உப்பளமும் கெடையாதாம்!"

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்ப தெளிவாச் சொல்லுங்க ஐயா. தொறக்கவா, வேணாமா?" செங்கமலம் கேட்டாள். வாசலை விட்டு நகரவில்லை.

பொம்மையன் குச்சியை ஓங்கியபடி நின்றான். "சீக்கிரம் சொல்லுங்க சாமி, அவனுக்குக் கை வலிக்குது!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அமைச்சர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே சொல்லில் பேசினார்.

"தொற!"

மாலைக்குள் கடைசி வயல்வரை தண்ணீர் பாய்ந்தது. ஊரே சேற்றில் இறங்கிக் குதித்தது.

மறுநாள் மந்திரிசபை கூடி, தமுக்கைத் தடைசெய்ய ஏகமனதாக முடிவெடுத்தது. அதை அறிவிக்கப் பொம்மையனையே அழைத்தார்கள்.

"அறிவிச்சிடலாங்க. யார் சொன்னதா அறிவிக்கட்டும்?" என்று கேட்டான்.

பதினெட்டு அமைச்சர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.