நின்றால் பூஜ்யம்

எழுநூறாவது முறையாகச் சுவரைத் தொட்டுத் திரும்பியபோது காலிங்பெல் அடித்தது.

"நீங்க போய்த் திறங்க. நான் நிக்க மாட்டேன்!" என்று மூச்சிரைக்கக் கணவரிடம் கத்தினாள்.

வெளியே மழை கொட்டியது. கூடத்தில் சுவருக்குச் சுவர் பத்து மீட்டர். இருபத்தொரு கிலோமீட்டரை இன்றைக்கு ஓடிவிட்டால் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பது, இல்லாவிட்டால் இல்லை. பெயர் கொடுக்க மாலை ஆறு மணிதான் கடைசி. அதற்காகவே, வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டிருந்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் அவளே எழுதி ஒட்டிய சட்டம் ஒன்றுதான்: நின்றால் பூஜ்யம். தையல் வகுப்பு, தட்டச்சு, அஞ்சல்வழிப் படிப்பு எல்லாம் பாதியில் நின்றதில், புகுந்த வீட்டில் அவளுக்கு 'அரைகுறை ராணி' என்று பெயர். ஐம்பது வயதிலாவது அந்தக் கிரீடத்தைக் கழற்றி எறிய வேண்டும். இனி பாதிக்கு மதிப்பே கிடையாது.

வந்தவர் கீழ்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். நேராக வந்து அவள் பாதையின் நடுவில் நின்றார்.

"மேல குதிரை ஏதும் கட்டியிருக்கீங்களாம்மா? என் காபியில சுண்ணாம்பு விழுது!"

"போச்சு சார், நின்னுட்டேன்! ஏழு கிலோமீட்டர் போச்சு!"

"எங்க போச்சு?"

"பூஜ்யத்துக்கு!"

"கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தாத்தான் என்ன? ஏழுலேர்ந்தே தொடங்கேன்," என்றார் கணவர்.

"வளைஞ்சு வளைஞ்சுதான் இப்படி ஆனேன்."

அவர்கள் மாடி நடைவழியில் சைக்கிளும் பூந்தொட்டியும் அடைத்துக் கிடந்தன. ஒரு மாடி கீழே நடைவழி காலியாக இருந்தது. அங்கே ஓடினாள், அளவையாளர் வாசலைத் தாண்டித் தாண்டி. ஆறாவது கிலோமீட்டர் முடிந்த நொடியில் கதவு திறந்து, இன்னும் உலராமல் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குடை வெளியே வந்தது. வழுக்கி உட்கார்ந்தாள்.

"இப்ப என் வாசல்லயுமா?"

"உங்க தலைமேல ஓடலையே சார்!"

மறுபடி பூஜ்யம். கார் நிறுத்தும் தரைத்தளத்துக்குப் போனாள். ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஜன்னலில் அவர் தலை தெரிந்தது, கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

"எழுதுங்க சார், நல்லா எழுதுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மணி ஐந்தரை. தூணடியில் உட்கார்ந்தாள். இந்த முறை பழி போட ஆளில்லை. கூடவே இருந்து காட்டிக்கொடுத்த சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தாள்.

கணவர் குடையோடு வந்தார். "ஒன்பதுதானா? விடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் நான்தான் ஓடப் போறேன். நீங்க சும்மா கைதட்டினாப் போதும்." சொல்லும்போதே கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம். அளவையாளர் ஒரு தாளை நீட்டிப் பிடித்தபடி வந்தார்.

"குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார். முப்பது வருஷம் நிலம் அளந்தவன், ஒரு அடிகூடத் தப்பா எழுத மாட்டேன். படிக்கிறேன், சரியான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க: 'மேல்வீட்டு அம்மையார் இன்று ஒரே நாளில் என் தலைக்கு மேல் ஏழு, என் வாசலில் ஆறு, என் காலடியில் ஒன்பது, ஆக மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடி என் நிம்மதியைக் கெடுத்துள்ளார்.'"