கூறு போடும் தளவாய்

சோம்பேறிகளைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம், படுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்த இனம் வேறு. இவர்கள் எழுந்து நிற்பார்கள், வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், தலைத்துண்டை இறுக்குவார்கள், வேலையைக் கண்டு மலைத்து நிற்கும் நம்மைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்து, "மொத்தமாப் பாத்தா மலைப்பாத்தான் இருக்கும். கூறு போடணும்லே!" என்பார்கள். தென்காசிப் பக்கம் இவர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

தளவாய் அண்ணாச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதென்றால், எண்ணெய் தேய்ப்பது ஒரு கூறு, வண்டி பூட்டுவது ஒரு கூறு, அருவிக்கு எந்தப் பக்கமாகத் தலையைக் கொடுப்பது என்று யோசிப்பது ஒரு கூறு. யோசித்து முடிப்பதற்குள் சாரலே நின்றுவிடும். குளித்தாரா? அதை மட்டும் கேட்கக் கூடாது.

போன கார் அறுவடையில், தூற்றிய நெல் களத்தில் ஆளுயரப் பொலியாகக் குவிந்து கிடந்தது. அடுத்த போகமான பிசானம் அறுக்கும்வரை அண்ணாச்சி வீட்டுக்குச் சோறு அதுதான். குற்றால மலை கறுத்துக்கொண்டு வந்தது. நெல்லை வீட்டுக்குச் சுமக்க ஆட்கள் ஓலைக் கடகப்பெட்டியோடு வந்து நின்றார்கள்.

"பொறுங்கலே. இம்புட்டையும் ஒண்ணாப் பாத்தா மனசு தளந்திரும். முதல்ல சின்னச் சின்னக் கூறாப் பிரிங்க."

பிரித்தார்கள். களம் நிறைய அழகழகான குட்டிக் குவியல்கள். "இப்பப் பாரு, எம்புட்டு லேசாத் தெரியுது!" என்று அவர் மீசையைத் தடவும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பொலியை மூட ஒரு படுதா போதும். இத்தனை கூறுகளை மூட எங்கே போவது?

மனைவி முருகம்மாள் ஓடி வந்தாள்.

"இங்கன நின்னு என்ன செய்யுதிய?"

"ஏட்டி, கூறு போட்டு வச்சிருக்கேன், பாரு."

எங்கள் பக்கத்தில் கூறு என்பது புத்திக்கும் பெயர். "நெல்லுக்குக் கூறு போட்டிய. ஒங்களுக்குக் கூறு இல்லையே!" என்றவள், ஒரு கடகத்தை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஆட்களும் ஆளுக்கொரு கடகமாய்ப் பின்னால் ஓடினார்கள். பாதி நெல் வீடு சேர்ந்தது. மீதி களத்திலேயே முளைவிட்டது. பிசானம் அறுக்கும்வரை அவள் கஞ்சியில் தண்ணீர் கூட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அண்ணாச்சியோ, நனைந்ததைக் காய வைக்கும் வேலையைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடமும் ஒரு பெரிய வேலை கிடக்கிறதே, பக்குவமாய்ப் பிரித்து, வரிசை பண்ணி, நாளைக்கு முதல் கூறு என்று வைத்திருக்கிறீர்களே? அது எத்தனை கூறு என்று என்னிடம் சொல்ல வேண்டாம். உங்களுக்குக் கூறு உண்டா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.