மதிலுக்கு அப்பால் முப்பத்தொரு சட்டி

உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்துச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். குப்பை போடுகிறவர்களைத்தான் யாரும் பிரிக்கவில்லை. அவர்களில் ஒரு தனி இனம் உண்டு: ஊர்ச் சுத்தத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே தன் குப்பையை மதிலுக்கு அப்பால் எறிகிறவர். தேட வேண்டாம், சத்தத்திலேயே தெரியும்.

வவுனியாவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் யோகலிங்கம் அந்த இனத்தில் முதல்தரம். முற்றத்தில் ஓர் இலை கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சனசமூக நிலையத்தில் ஒரு மணிநேரம் முழங்கி, ஒழுங்கை முனையில் 'குப்பை போடாதீர்' என்று பலகை நட்டு, குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தோடு வரும் நகரசபைத் தொழிலாளி ஜெயரூபியிடம் அயல்வீட்டுப் பையில் போத்தல் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுத்து, பிறகு வீட்டுக்குள் வந்து, எருமைத் தயிர் முடிந்த மண்சட்டியைப் பக்கத்து வெறுங்காணிக்குள் வீசுவார். காணிக்காரர் கனடாவில்.

"அங்க ஆர் இருக்கினம்?" என்பார் மனைவி இரஞ்சிதத்திடம்.

நுளம்பு இருந்தது.

கார்த்திகை மழை விட்ட கிழமை இரஞ்சிதத்துக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். பிளேட்லெட் நாளுக்கு நாள் இறங்க, யோகலிங்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்தபடி நின்றார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பக்கத்துக் காணிக்குள்ள ஆரோ குப்பை எறியிறாங்கள். பிடிச்சு வழக்குப் போடுங்கோ!"

பரிசோதகர் ஜெயரூபியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மதிலோரம் முப்பத்தொரு தயிர்ச் சட்டி. எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர், தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிகள்.

"காத்துக்கு வந்திருக்கும்" என்றார் யோகலிங்கம்.

"மண்சட்டி எந்தக் காத்துக்கு ஐயா பறக்கும்?" ஜெயரூபி மெதுவாகத்தான் கேட்டார். "அம்மாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

முதல் கேள்வியைச் சமாளித்திருப்பார். இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டார்.

பரிசோதகர் எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். அன்று பின்னேரமே யோகலிங்கம் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முள் கிழிக்கக் கிழிக்க, ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்துப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, ஒழுங்கை முழுக்கப் பார்க்கத் தன் படலையடியில் வைத்தார்.

நாலு நாள் கழித்துத் தேறி வீடு வந்த இரஞ்சிதம் சாக்கைப் பார்த்துக் கேட்டார்: "உது ஆற்ற குப்பை?"

"எங்கட" என்றார்.

அந்தச் சொல் வர இத்தனை வருடம்.

ஆக, இனத்தில் ஒன்று குறைந்தது என்று மகிழாதீர்கள். இதை வாசிக்கும்போது உங்களுக்கு அயல்வீட்டுக்காரரின் முகம்தானே வந்தது? இதை அவரிடமும் கொடுத்து, அவருக்கு யாருடைய முகம் வந்ததென்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.