பின்சீட்டைக் கழற்றிய ஆடி

கல்யாணமான முதல் வருஷத்தில் ஆண்பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மட்டுத்தான் என்பார்கள். எனக்கு வைகாசியில் கல்யாணம். ஆனியில் பாதிப் புத்தி போனது, ஆடி பிறந்ததும் மீதியும் போய்விட்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. (பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்றைக்கே, மாமனார் ஊரே பார்க்க, பட்டு முடித்தாயிற்று.)

ஆடி வந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சித்தூர்ப் பக்கம் தெலுங்கு ஜனங்களோடு கலந்து வாழ்வதால் அவர்களுடைய ஆஷாட விதியும் எங்களுக்கு இலவச இணைப்பு: அந்த மாதம் முழுக்க மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது. என் மனைவி சுகுணாவை அவளுடைய நைனா, அதாவது என் மாமனார், வந்து, கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஊருக்கு அழைத்துப் போனார். நான் திருப்பதியில், புதுக்குடித்தன வீட்டில், இரண்டு தலையணைகளோடு தனியாகக் கிடந்தேன்.

சாயந்திரமானால் எங்கள் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் ஒரு சுற்றுப் போய்வருவோம். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளியாக என் தோளில் ஒரு குத்து. அவள் போன பிறகு அந்த இடத்தில் காற்றுதான் பட்டது. குத்து வாங்க இவ்வளவு ஏங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் போனில் கேட்டாள். "இன்னும் எத்தினி நாளு கீது?"

"இருவத்தி மூணு."

"ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்களேன். ஞாயித்துக்கெழம பன்னண்டர மணிக்கு கார்வேட்டிநகரம் கோயில் கொளத்தாண்ட வரேன். பத்து நிமிஷம் போதும்."

பத்து நிமிஷம்! அதற்காக நான் நடந்தே போயிருப்பேன். ஆனால் இரண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் வழியில் பஸ் மாற வேண்டிய புத்தூர் ஸ்டாண்டில் பூ விற்பவரிலிருந்து கண்டக்டர் வரை எல்லோரும் மாமனாருக்கு ஏதோ ஒரு வழியில் பங்காளி. நான் இறங்குவதற்குள் சேதி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். மிச்சம் இருந்தது ஸ்கூட்டர்தான்.

வாங்கும்போது ஒரு சார்ஜுக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓடும், அதுதான் ரேஞ்சு என்றார்கள். யாரும் உட்காராமல், நிலாவில் ஓட்டினால் ஓடும்போலிருக்கிறது. என் கையில் முப்பது வேகத்தில் போனால் நூறு வரும். அறுபதில் போனால் எழுபதிலேயே படுத்துவிடும். போகவர நூறு கிலோமீட்டர். மெதுவாகப் போனால் வேலைக்குத் திரும்ப முடியாது, வேகமாகப் போனால் வீட்டுக்கே திரும்ப முடியாது.

தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நிற்கும் முனிரத்தினத்திடம் சொன்னேன். (தன் வண்டிக்குக் காற்றுகூடத் தானே பிடிக்கத் தெரியாதவன். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

"எல்லாம் வெய்ட்டுதான் மச்சான். வெய்ட்ட கொற. வேகமும் கொறையாது, ரேஞ்சும் ஏறும்."

குறைத்தேன். கால்மிதி போயிற்று. சேலை மாட்டாமல் இருக்கப் போட்ட கம்பி வலை போயிற்று. பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பி போயிற்று. டயரில் கல்லாட்டம் காற்றடித்தேன். கடைசியில் முனிரத்தினம் சீட்டைத் தட்டிப் பார்த்தான்.

"பின்னால ஒக்கார ஆளே இல்ல. இம்மாம் பெரிய சீட்டு எதுக்குடா உனக்கு?"

சுருக்கென்றது. ஆனாலும் கழற்றினேன். ஒரு ஆள் குந்தும் அளவுக்கு ஒரு குட்டி சீட்டை அவனே எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை டிபனையும் கழித்துவிட்டேன். அதுவும் வெய்ட்டுதானே.

ரேணிகுண்டா தாண்டியதும் மாங்காய் லோடு லாரி ஒன்று கிடைத்தது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் எதிர்க்காற்று படாது என்பது முனிரத்தினத்தின் அடுத்த உபதேசம். (யாரும் செய்து தொலைக்காதீர்கள். லாரிக்காரர் பிரேக் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.) ஹேண்டில்பார் மேல் படுத்துக்கொண்டு அறுபதில் பறந்தேன். மீட்டரில் சதவீதம் இறங்கவே மறுத்தது. ஆனந்தத்தில் எனக்குப் பாட்டே வந்துவிட்டது. புத்தூரில் நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும், லாரி நேராக நகரி ரோட்டில் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த லாரியை விட்டுப் பிரிய எனக்கு மனசே வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏழு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான், சுகுணா இருப்பது இந்தத் திசையில் இல்லை என்பது உறைத்தது.

திரும்பி வந்து கார்வேட்டிநகரம் ரோட்டைப் பிடித்தேன். அங்கேதான் காத்திருந்தது, நானும் முனிரத்தினமும் கணக்கில் சேர்க்க மறந்த சங்கதி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மேற்கிலிருந்து மூஞ்சியில் அறைந்தது. எடையெல்லாம் கழித்து இளைத்திருந்த வண்டி அங்குமிங்கும் தள்ளாடியது. நான் விடாமல் முறுக்க, சதவீதம் மளமளவென்று சரிந்தது. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு சின்ன 'கீக்' சத்தம் போட்டு வண்டி நின்றுவிட்டது. மணி ஒன்று.

தள்ளிக்கொண்டு நடந்தேன். வளைவு திரும்பினால் ரோட்டோரம் கங்கம்மா கோயில், ஆடிக் கூழ் ஊற்றுகிறார்கள், கூட்டம். தலையில் துண்டு கட்டி, பெரிய அண்டா முன்னால், கையில் கரண்டியோடு நின்றவர் என் மாமனார்.

"மாப்ள! இன்னா இது, வண்டிய தள்ளிக்கினு வரீங்க?"

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் மாமா." (ஐம்பது கிலோமீட்டர், சும்மா!)

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் ஊருக்கே கேட்கும்படி, "அல்லுடு காரு ஆஷாடம்லோ ஒச்சேஸாரு!" என்றாள். மாப்பிள்ளை ஆடியில் வந்துவிட்டாராம். கூட்டம் மொத்தமும் சொம்பை ஏந்தியபடியே என் பக்கம் திரும்பியது.

"மொதல்ல கூழு குடிங்க" என்றார் மாமனார். இரண்டு சொம்பு குடித்தேன். கழித்த எடை அத்தனையும் அங்கேயே திரும்பி வந்தது.

அப்போது போன் அடித்தது. "எங்க கீறீங்க? நான் கொளத்தாண்ட வெயில்ல காஞ்சிக்கினு கீறேன்."

"உங்க நைனா பக்கத்துல கீறேன்" என்றேன். சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மாமனார் என்னையும் வண்டியையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். உள்ளேயிருந்து மாமியாரின் குரல், "ஐயோ, வாசப்படி தாண்டிடப் போறாரு! அங்கயே சேர் போடுங்க!" வேப்பமரத்தடியில் வண்டிக்குப் பக்கத்தில் என்னையும் நிறுத்தி வைத்தார்கள். மாமனார் ஆசையாக நீளமான வயரை இழுத்து வந்தார்.

"சார்ஜரு குடுங்க மாப்ள, சொருகிடலாம்."

"எடுத்துக்கினு வரல மாமா."

"ஏன்?"

"மூணு கிலோ வெய்ட்டு மாமா."

அவர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை அவிழ்த்து வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தோள் குலுங்குவது தெரிந்தது.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் சுகுணா. முகம் வெயிலில் சிவந்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பின்னால சீட்டு எங்க?"

"கழட்டிட்டேன். ரேஞ்சு ஏறும்னு."

தோளில் மாட்டியிருந்த துணிப்பையை மெல்லத் திறந்து காட்டினாள். இரண்டு புடவை, சீப்பு, சோப்பு டப்பா.

"உங்களாண்டகூட சொல்லல. வண்டில ஏறி அப்படியே வந்துடலாம்னு இருந்தேன்" என்றாள் அடிக்குரலில். பிறகு அந்தக் குட்டி சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நான் எங்க ஒக்கார்றது?"

இத்தனை நாள் அவளைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. என்னைப்போலவே அவளும் அங்கே நாளை எண்ணிக்கொண்டிருப்பாள், கூப்பிடாமலே கிளம்பி வருவாள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்றுதான் அழவில்லை.

கடைசியில் மாமனார் பேசி, திருப்பதிக்குப் போகும் மாங்காய் வண்டி ஒன்றில் ஸ்கூட்டரை ஏற்றினார்கள். (வேகமும் குறையாமல், சார்ஜும் குறையாமல் எலக்ட்ரிக் வண்டி ஐம்பது கிலோமீட்டர் போக அது ஒன்றுதான் வழி.) முன்னால் டிரைவரும் கிளீனரும் நானும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நாலாவது ஆளுக்கு அங்கேயும் இடமில்லை. சுகுணா பையைக் கையில் பிடித்தபடி தெருமுனைவரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து நின்றாள். ஷிப்டுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கினேன். ஒன்றும் காதில் விழவில்லை.

மறுநாளே நீள சீட்டை மாட்டிவிட்டேன். ஆடி முடிந்து அவள் வந்தாள், குத்தும் திரும்பி வந்தது. ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான். கடைக்குக் கிளம்பினால்கூட, "நானும் வரட்டா, இல்ல ரேஞ்சு கொறைஞ்சிடுமா?" என்பாள். இப்போது எங்கள் மூன்று வயது மகளும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அதையே கேட்கிறாள்.

போன வாரம் சுகுணா தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாளைக்கு ஊருக்குக் கிளம்பினாள். பஸ் நகரும்போது, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அத்தனை பேர் நடுவில் கத்தினாள்.

"ஏங்க! நான் வரவரைக்கும் சீட்ட கழட்டிடாதீங்க!"