வெயிலுமுத்துவும் வேக்குவம் மேசையும்

ஒரு காட்டில், காடு என்று பேருக்குச் சொல்லிக்கொள்ள நாலு மரம் மிச்சமிருந்த ஒரு காட்டில், மரங்கொத்தி ஒன்று தச்சுப்பட்டறை வைத்திருந்தது. பேர் கொத்தாளமுத்து. பட்டறை சின்னதுதான். ஒரு மேசை, ஒரு தகரக் கூரை, ஒரே ஒரு வேலையாள்.

அந்த வேலையாள் ஓர் உடும்பு. பேர் வெயிலுமுத்து. அவன் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். பிடித்துக்கொள்வது. மேசைமேல் பலகையை வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்து, நாலு காலாலும் மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வான். முதலாளி அலகால் கொத்திப் பூச் செதுக்குவார். பலகை ஒரு நூல் அசையாது.

இதில் ஒரே கஷ்டம், பூ எங்கே வரவேண்டுமோ சரியாக அங்கேதான் வெயிலுமுத்து படுத்திருப்பான்.

"டேய், வயித்தை எடுடா!"

"வயித்தை எடுத்தா பலகை ஓடிப்போயிடும் முதலாளி."

"அப்ப வாலையாவது எடு!"

வாலில் ஏற்கெனவே ஓர் அங்குலம் குறைந்திருந்தது. ஒரு தாமரைப்பூ செதுக்கும்போது போனது. முதலாளி ரொம்ப வருத்தப்பட்டார், தாமரை கோணலாகிவிட்டதே என்று.

அப்படியும் வெயிலுமுத்து வேலையை விடவில்லை. காரணம் இருக்கிறது. பட்டறைக்குப் பின்னால் ஒரு கறையான் புற்று, வேலையாள் குடியிருக்க முதலாளி கொடுத்தது. அதற்குள்தான் அவன் மனைவி ஆவுடை பதினாலு முட்டை இட்டு மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தாள். அந்தச் சூட்டிலேயே இருந்தால்தான் பொரிக்கும். தூக்கிக்கொண்டு வேறிடம் போனால் அவ்வளவுதான். பொரிக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வேலை போனால் புற்று போகும், புற்று போனால் பிள்ளைகள் போவார்கள்.

இந்த நிலைமையில் ஒருநாள் டை கட்டிக்கொண்டு அட்டை ஒன்று வந்தது. காலில் ஒட்டி ரத்தம் குடிக்குமே, அதே அட்டைதான். தன் கழுத்து எங்கே என்று அதற்கே நிச்சயமில்லாததால் டையை நடுவில் கட்டியிருந்தது.

"சார், இது வேக்குவம் மேசை," என்றது. "மேசை பூரா துளை, அடியில பம்ப். பலகையை மேல வச்சு சுவிட்சைப் போடுங்க. அடியில இருக்கிற காத்தை பம்ப் உறிஞ்சிடும். அப்புறம் வெளிக்காத்தே பலகையை அமுக்கிப் பிடிச்சுக்கும். பலகைக்கு மேல ஒண்ணும் கிடையாது. வயிறு கிடையாது, வால் கிடையாது. நீங்க இஷ்டத்துக்குப் பூப் போடலாம்."

"நெசமாவே பிடிக்குமா?"

"உறிஞ்சுற விஷயத்துல எங்க குடும்பத்துகிட்டயா சந்தேகம் கேட்குறீங்க?"

அட்டை கொண்டுவந்திருந்த வழவழப்பான பலகையை வைத்து சுவிட்சைப் போட்டார்கள். மூன்று குரங்குகள் சேர்ந்து இழுத்தன. பலகை வரவில்லை. ஒரு குரங்குக்குத் தோள்பட்டைதான் இறங்கியது.

கொத்தாளமுத்து அங்கேயே வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு திரும்பி, "வெயிலு, நாளையோட நின்னுக்கடா," என்றார். "புத்தையும் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடு. கறையானுக்கு வாடகைக்கு விடப்போறேன்."

எட்டு வருஷமாக ஒரு நாள்கூட வெயிலுமுத்து பிடித்த பலகை நழுவியதில்லை. ஒரு நாள்கூட யாரும் அவனைப் பார்த்து, பிடி பிரமாதம் என்று சொன்னதுமில்லை.

மறுநாள் காலையில் மேசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வேலையைத் தொடங்கினார்கள். முதல் வேலை யானைக்கு. மகள் கல்யாணத்துக்கு ஊஞ்சல் பலகை சொல்லியிருந்தது. 'மதியம் வந்து பார்ப்பேன். பாதிப் பூவாவது முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பட்டறைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிப்பேன்' என்று மரியாதையாகத்தான் சொல்லியனுப்பியிருந்தது.

கொத்தாளமுத்துவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பலகையானாலும் மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார். மரங்கொத்தி தட்டினால் என்ன ஆகும்? மூன்று ஓட்டை விழும், இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். கடைசியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடுவார். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

அன்றைக்கும் தட்டினார், பலகையை மேசையில் வைத்தார், சுவிட்சைப் போட்டார். பம்ப் காதைப் பிய்க்கிற மாதிரி அலறியது. முதல் கொத்திலேயே பலகை கிளம்பிப் பறந்து பசை டப்பாவில் மோதி, முதலாளியின் கொண்டை பூராவும் பசையானது.

கம்பெனிக்கு போன் போட்டார். 'நீங்கள் ஏழாவது இடத்தில் காத்திருக்கிறீர்கள்' என்றது ஒரு குயில் குரல். அரைமணி கழித்து, 'நீங்கள் பதினொன்றாவது இடத்தில் காத்திருக்கிறீர்கள்' என்றது. பிறகு ஒரு படிவம் வந்தது. 'மேசை உறிஞ்சுகிறதா? ஆம், இல்லை.' உறிஞ்சத்தான் செய்கிறது, பிடிக்கத்தான் மாட்டேனென்கிறது என்று எழுத அதில் கட்டமே இல்லை.

மூலையில் நின்ற வெயிலுமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பலகைமேல் கிடந்த மரத்தூள் மெல்ல நகர்ந்து அந்த மூன்று ஓட்டைக்குள் இறங்குவதையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துபோயிற்று. காற்று அந்த வழியாகப் புகுந்துகொண்டே இருந்தால் பம்ப் என்னதான் செய்யும்? மூன்று பொட்டு மெழுகு வைத்தால் தீர்ந்தது.

ஓடிப்போய் ஆவுடையிடம் சொன்னான். "சொன்னா மெஷின் பிடிச்சிடும், எனக்கு வேலை போயிடும். சொல்லலேன்னா யானை வந்து உக்காந்துடும், பட்டறையும் புத்தும் சேர்ந்து போயிடும். என்ன பண்றது ஆவுடை?"

"ஓட்டையை நீங்களா போட்டீங்க?"

"இல்ல."

"அப்ப நீங்க ஏன் சொல்லணும்? பலகை நிக்கணும், அவ்வளவுதானே? போய்ப் பிடிங்க."

"மேல படுத்தா விடமாட்டாரே."

"மேலதான் படுக்கணும்னு யாருங்க சொன்னது?"

முதலாளி கொண்டை கழுவப் போயிருந்த நேரம் வெயிலுமுத்து மேசைக்கு அடியில் புகுந்தான். சுற்றிலும் தகரம் அடைத்திருந்ததால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. நாலு துளையை நகத்தால் பிறாண்டிப் பெரிசாக்கி, நாலு காலையும் மேலே விட்டு, பலகையின் அடியைக் கவ்விப் பிடித்துத் தொங்கினான்.

முதலாளி வந்து கடைசி முயற்சியாகச் சுவிட்சைப் போட்டார். பலகை அசையவில்லை. ஒரு கொத்து கொத்தினார். அசையவில்லை. "மெஷின்னா இதுல்லடா மெஷின்!" என்று கூத்தாடினார். "ஒருத்தன் இருந்தானே, வயித்தைப் போட்டுக்கிட்டு!"

அந்த ஒருத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினான்.

மதியம் யானை வந்தது. பூவெல்லாம் பாதிக்குமேல் முடிந்திருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பம்ப் நின்றது. முதலாளி மும்முரமாகக் கொத்திக்கொண்டே இருந்தார். வெயிலுமுத்துவும் எட்டு வருஷப் பழக்கத்தில் பிடித்துக்கொண்டே இருந்தான். கரண்ட் போனால் விட்டுவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"என்னய்யா, கரண்ட் இல்லாமலே பிடிக்குது?" என்று கேட்டது யானை.

அப்போதுதான் முதலாளி கவனித்தார். அதற்காக விட்டுக்கொடுப்பாரா? "நல்ல கம்பெனிங்க," என்றார்.

யானைக்கு நம்பிக்கை வரவில்லை. தும்பிக்கையைப் போட்டுப் பலகையை ஓர் இழு இழுத்தது. பலகையோடு மேசையும் சேர்ந்து முழ உயரம் எழும்பியது. வெயிலுமுத்துவுக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பதினாலு, பதினாலு என்று முனகிக்கொண்டே பிடியை விடாமல் தொங்கினான். மேசைக்குக் கீழே அவன் வால் வெளியே வந்து ஆடியது.

"அது என்ன தொங்குது?"

கொத்தாளமுத்து குனிந்து பார்த்தார். நுனியில் ஓர் அங்குலம் குறைந்த வால். அவரே கொத்தியது. கொஞ்சமும் யோசிக்காமல், "எர்த் வயருங்க," என்றார்.

"ஓகோ," என்று யானை மேசையை இறக்கிவைத்து, அதற்கு ஒரு மாலையும் போட்டுவிட்டுப் போனது.

சாயங்காலம் புகாரைப் பார்க்க அட்டை வந்தது. ஊர்ந்து அடியில் போனது. உள்ளே வெயிலுமுத்து. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசையைத் திருப்பி எடுத்துக்கொள்வதை நினைத்தபோது அட்டைக்கு ரத்தமே வற்றியது. வெளியே வந்து டையைச் சரிசெய்துகொண்டது.

"மேசை அருமையா இருக்கு சார். ஆனா எர்த் வயரைப் பார்த்துக்க ஓர் ஆள் கட்டாயம் வேணும். பக்கத்துலயே குடியிருக்கணும். பழைய ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

"வெயிலு!" என்று முதலாளி கூப்பிட்டார். அவன் பின்பக்கமாக வந்து மரத்தூளைத் தட்டிக்கொண்டு நின்றான். எர்த் வயர் மேற்பார்வையாளர் என்று உத்தரவு கைக்கு வந்தது. புற்றும் அவனுக்கே நின்றது.

இரண்டு மாதத்தில் பதினாலும் பொரித்தன. கண் விழித்த அன்றைக்கே பதினாலுக்கும் அட்டை வேலை போட்டுக் கொடுத்தது. இப்போதெல்லாம் அந்தக் காட்டில் வேக்குவம் மேசை வாங்கினால் எர்த் வயர் இலவசம்.

நீதி: உன் வேலையைப் பிடுங்க ஒரு மெஷின் வந்தால் அதோடு சண்டைக்குப் போகாதே, அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொள். மாலை மெஷினுக்கு விழட்டும், வீடு உனக்கு நிலைக்கும். ஓட்டையைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.