பயப்பட வேண்டாம், டாக்டர்தான்

நேற்றைய காட்சியில் துப்பாக்கி வெடித்ததும் மூன்றாவது வரிசை அம்மாள் அலறிய அலறலில், மேடையில் குண்டடிபட்டு நினைவில்லாமல் கிடந்தவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வாசல்ல ஒரு எச்சரிக்கைப் பலகை வையுங்க மேனேஜர்," என்றார் நாடக முதலாளி. "ஆனா கொலைகாரன் யாருன்னு மட்டும் வெளியே தெரிஞ்சுதோ, உங்க வேலை போச்சு!"

மேனேஜர் சாக்பீஸை எடுத்தார். 'நாடகத்தில் துப்பாக்கி வெடிக்கும்.'

மாலைக் கூட்டம் பலகையைச் சூழ்ந்துகொண்டது.

"எப்போன்னு போடுய்யா," என்றார் ஒரு தாத்தா. "ரெண்டு மணி நேரமும் காதைப் பொத்திக்கிட்டா உட்கார முடியும்?"

நியாயம்தான். 'விளக்கு அணைந்ததும் வெடிக்கும்' என்று சேர்த்தார்.

"ஐயோ, யாரைச் சுடுவாங்க?" என்று பதறினாள் கைக்குழந்தைக்காரி. "குழந்தையையா?"

'பெரியப்பாவை.'

தாத்தாவின் முகம் தொங்கிப்போனது. "நானும் நாலு பேருக்குப் பெரியப்பாதான்."

'குண்டில் பெரியப்பா சாகமாட்டார்.'

"அப்போ எதுல சாவாரு?"

'ஊசியில்.'

பயில்வான் மாதிரி இருந்த ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஊசியா? கண்டவனும் போட்டா சீழ் பிடிச்சுக்குமே!"

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. 'பயப்பட வேண்டாம். ஊசி போடுவது டாக்டர்தான்.'

எழுதிய பிறகுதான் முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. சட்டைக் கையாலேயே பலகையை அழித்தார். என்ன பயன்? மொத்தக் கூட்டமும் படித்துவிட்டு நிம்மதியாக உள்ளே போயாகிவிட்டது.

டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 'உயர்திரு முதலாளி அவர்களுக்கு' என்பதைத் தாண்டுவதற்குள் நாடகமே முடிந்துவிட்டது. உள்ளே ஒரே விசில், கைதட்டல்!

தாத்தா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பலே ஆளுய்யா நீ! டாக்டர்னு எங்களை நம்ப வெச்சுட்டு, கடைசியில பார்த்தா சமையல்காரி! நாளைக்குக் குடும்பத்தோட வரேன்."

முதலாளியோ எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல் வாசலில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். ஒத்திகையில் இருபது தடவை பார்த்தவர் அவர். கொலைகாரன் டாக்டர்தான், சமையல்காரி காபி கொடுப்பதோடு சரி. மேடைக்குப் பின்னால் ஓடினார்.

டாக்டர் வேஷக்காரர் ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், யாரைக் கேட்டுய்யா முடிவை மாத்தினே?"

"மன்னிச்சுடுங்க சார். இன்னிக்கு என் மாமியார் வந்திருந்தாங்க. உங்க பலகையைப் படிச்சுட்டு நேரா உள்ளே வந்து, 'மாப்பிள்ளை, நீங்கதான் கொலைகாரன்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்'னுட்டாங்க."